சாரல் அடிச்சாலும் பால்வீதி தெரியும்!

இலஞ்சிக்காரங்களுக்கு ஒரு வருத்தம் உண்டு. பால்வீதி ஜம்முனு தலைக்கு மேல நிக்கிறது ஜூலை மாச ராத்திரியிலதான். அதே ஜூலைதான் குற்றால சீசன்! மலைப்பக்கமிருந்து மேகம் வந்து மூடிட்டா, எவ்வளவு காஸ்ட்லி டெலஸ்கோப் வாங்கினாலும் அதுல தெரியறது வெறும் சாரல்தான்.

ஆனா, அதே மேகத்துக்குள்ள புகுந்து நம்ம மொட்டை மாடிக்கு வந்துக்கிட்டே இருக்கு ஒரு ரேடியோ அலை. விண்வெளியில் பரவிக்கிடக்கும் ஹைட்ரஜன் வாயு அனுப்புவது. நீளம் 21 சென்டிமீட்டர், அலைவரிசை 1,420 மெகாஹெர்ட்ஸ்.

‘மழை பெய்ஞ்சா எங்க வீட்டு டி.டி.எச்.சே புட்டுக்குதே, இது மட்டும் எப்படிவே வரும்?’ என்று கேட்கிறீர்களா? நல்ல கேள்வி! டி.டி.எச். அலையின் நீளம் சுமார் இரண்டரை சென்டிமீட்டர்தான். கனமழைத் துளிகள் அதை விழுங்கிவிடும். 21 சென்டிமீட்டர் அலைக்கு மழை ஒரு பொருட்டே இல்லை. பகலிலும் பிடிக்கலாம்!

இதை முதன்முதலாகப் பிடித்தவர் ஒரு ஸ்டூடன்ட். 1951-ல் ஹார்வர்டில் பி.எச்டி. செய்த ஹெரால்ட் யூவன், பிளைவுட்டில் தாமிரத் தகடு அடித்து ஒரு பெரிய புனல் செய்தார். அதை லேப் ஜன்னலுக்கு வெளியே நீட்டிவைத்தார். மழை பெய்தால் புனல் வழியே தண்ணீர் லேபுக்குள் கொட்டும். சக மாணவர்கள் வேறு பனி உருண்டையை எறிந்து விளையாடுவார்கள். அத்தனை கூத்துக்கு நடுவில்தான் ஹைட்ரஜன் சிக்கினது!

இன்னிக்கு நமக்கு வேலை இன்னும் சுலபம். அட்டைப்பெட்டியில் அலுமினியம் ஃபாயில் ஒட்டினால் புனல் ரெடி. அடியில் ஒரு தகர டின், அதற்குள் 5 சென்டிமீட்டர் செம்புக் கம்பி. அப்புறம் ஒரு ஆம்ப்ளிஃபயர், டி.வி. பார்க்க வந்த யு.எஸ்.பி. டாங்கிள், ஒரு லேப்டாப். லேப்டாப்பைத் தவிர மற்றதெல்லாம் சுமாரான செல்போன் விலைக்குள் முடிந்துவிடும். பால்வீதி கடக்கும்போது திரையில் கிராஃப் மேடு தட்டும். வாயு நம்மை நோக்கி வருகிறதா, விலகிப்போகிறதா என்பதைப் பொறுத்து அந்த மேடு இடம் மாறும். அதை வைத்து நம் கேலக்ஸி சுற்றும் வேகத்தையே கணக்குப் போடலாம். ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டை வெளியே காசு கொடுத்து வாங்கும் மகராசர்களே, கவனிக்க!

பெருசா பார்க்கணும்னா ஊட்டிக்கு பஸ் ஏறுங்க. அங்கே முத்தோரையில் 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலத்தில் படுத்திருக்கிறது ஒரு ரேடியோ டெலஸ்கோப். டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் கோவிந்த் ஸ்வரூப் தலைமையில் உருவாகி 1970-ல் செயல்பாட்டுக்கு வந்தது. அவர் செய்த சூப்பர் வேலை, இடம் பிடித்ததுதான். ஊட்டியின் அட்சரேகை சுமார் 11 டிகிரி. வடக்கு தெற்காக அதே 11 டிகிரி சரிவுள்ள மலையைத் தேடிப் பிடித்தார். அதனால் டெலஸ்கோப்பின் அச்சு, பூமியின் அச்சுக்கு இணையாக அமைந்துவிட்டது. ஒரே அச்சில் சுழற்றினால் போதும், ஒரு வான்பொருளை ஒன்பது மணி நேரத்துக்கும் மேல் துரத்தலாம்! நம்ம இலஞ்சி மலையில் கட்டியிருந்தால் 9 டிகிரி சரிவு தேடியிருக்க வேண்டும்.

சரி, ‘இதைப் படிச்சா சோறு கிடைக்குமா?’ என்று வீட்டில் கேட்பார்களே! உண்மையைச் சொல்லிடுவோம்: ஆராய்ச்சி வேலைகள் குறைவு, போட்டி அதிகம். பி.எஸ்சி. முடித்து ‘ஜாம்’ எழுதி எம்.எஸ்சி., அப்புறம் ‘ஜெஸ்ட்’ அல்லது ‘கேட்’ எழுதி பி.எச்டி. என்று நீண்ட பாதை. ஆனால், ஃபிஸிக்ஸ் ஆட்களுக்கு மட்டும்தான் இடம் என்று நினைக்காதீர்கள். ஆன்டெனா, ரிசீவர், சிக்னல் பிராசஸிங் எல்லாம் ஈ.சி.இ. பசங்க ஏரியா. ஒருவேளை வானியலை விட்டு வெளியே வந்தாலும் டெலிகாம், ராடார், சாட்டிலைட் துறைகள் கேட்பது இதே வித்தையைத்தான். தென்னாப்பிரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் எழும்பிவரும் பிரமாண்டமான எஸ்.கே.ஏ. டெலஸ்கோப்பில் இந்தியாவும் பங்காளி.

ஊட்டி டெலஸ்கோப்பை நடத்தும் புனே என்.சி.ஆர்.ஏ. மையம், கல்லூரி மாணவர்களுக்கென்றே ரேடியோ வானியல் குளிர்காலப் பள்ளி நடத்திவந்திருக்கிறது. அதன் வெப்சைட்டில் அறிவிப்பு வருகிறதா என்று கண்வைத்திருங்கள். விண்ணப்பத்தில் ‘இதுவரை என்ன செய்தீர்கள்?’ என்ற கேள்வி வந்தால், எழுதுவதற்கு மொட்டை மாடியில் ஒரு அட்டைப் புனல் இருக்கட்டுமே. சீசன் முடியறதுக்குள்ள ஆரம்பிச்சிடுங்க பாஸ்!