இன்னும் ஒரு சக்கரம்



நமக்கு வரும் கடிதங்களில் பாதி, கதையைப் பாராட்டியோ திட்டியோ வருபவை. மீதியில் பெரும்பாலானவை முகவரி மாற்றம். எப்போதாவதுதான் ஆசிரியரை நிமிர்ந்து உட்காரவைக்கும் கேள்வி ஒன்று வரும். இந்த மாதம் அது செகந்திராபாத் மெட்டுகுடாவிலிருந்து வந்தது. எழுதியவர் லாலாகுடா ரயில்வே பணிமனையில் ஃபிட்டராக இருந்து ஓய்வுபெற்றவர்.

"வயது 74. கால் நன்றாக இருக்கிறது, பேலன்ஸ்தான் போய்விட்டது. சைக்கிளில் ஏறினால் வீட்டுக்காரி கத்துகிறாள், ஆட்டோவில் ஏறினால் மனசு கத்துகிறது. பழைய சைக்கிள்களைப் பிரித்துச் சேர்த்து எனக்கென்று ஒரு மூன்று சக்கர வண்டி கட்டுகிறேன். தெருவில் சிரிக்கிறார்கள். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?"

பதில் எழுதாமல் நேரிலேயே போனேன்.

மெட்டுகுடா ரயிலால் வளர்ந்த பகுதி. வாடி ரயில் சந்திப்பிலிருந்து செகந்திராபாத்துக்கு 1874-ல் ரயில் வந்தது. நிஜாம் ரயில்வேயின் லாலாகுடா பணிமனை 1893-ல் எழுந்தது. ரயிலையும் ராணுவத்தையும் நம்பி வந்த தமிழ்க் குடும்பங்கள் இந்தப் பக்கம் நிறைய. பேரன் பேத்திகள் வீட்டில் தமிழும் வாசலில் தெலுங்கும் கடைவீதியில் தக்கினி உருதுவும் பேசுகிறார்கள். 2017 முதல் தலைக்கு மேலே மெட்ரோவும் ஓடுகிறது. ஆனால் தூணுக்குக் கீழே காய்கறிக்கடைக்கும் மருந்துக்கடைக்கும் போய்வர மெட்ரோ உதவுமா? அந்த ஒரு கிலோமீட்டர்தான் பெரியவரின் பிரச்சினை. வயதான எல்லோருக்கும் அதுதான் பிரச்சினை.

வீட்டுக்குப் பின்னால், தகரக் கொட்டகையில், மூன்று வண்டிகளின் உறுப்புகள் சாக்கின் மேல் பரப்பிக் கிடந்தன. ஒன்று அவருடைய சொந்த சென்-ராலே, மேற்கு வங்கத்து ஆசன்சோலில் செய்தது. இன்னொன்று எர்ரகட்டா ஞாயிறு சந்தையில் எடைக்கு வாங்கிய லேடீஸ் ஹெர்குலிஸ், நம்ம அம்பத்தூர் டி.ஐ. சைக்கிள்ஸ் தயாரிப்பு. மூன்றாவது, ஒரு சைக்கிள் ரிக்ஷாவின் பின்பாகம்.

எந்தக் காலத்திலோ, எங்கெங்கோ செய்த சாமான்கள் ஒன்றோடொன்று எப்படிப் பொருந்தும் என்று கேட்டேன்.

"அதுதான் சார் நம்ம சைக்கிளோட புண்ணியம். கம்பெனிதான் வேற வேற, அளவு ஒண்ணே."

உண்மைதான். சுதந்திரத்தையொட்டிய ஆண்டுகளில் இங்கே எழுந்த சைக்கிள் ஆலைகள் எல்லாமே பிரிட்டிஷ் ரோட்ஸ்டர் வண்டியை முன்மாதிரியாகக் கொண்டவை. அம்பத்தூர் ஆலை 1949-ல் பிரிட்டனின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸோடு முருகப்பா குழுமம் கைகோத்துத் தொடங்கியது. ஆசன்சோல் ஆலை ராலே கூட்டு. சோனிபட்டில் அட்லஸ், லூதியானாவில் ஹீரோ என்று பிறகு வந்தவையும் அதே வழியில் போயின. 28-க்கு ஒன்றரை அங்குல டயர், முன்சக்கரத்துக்கு 32 கம்பி, பின்சக்கரத்துக்கு 40, அரை அங்குலக் கண்ணியுள்ள செயின். பல பத்தாண்டுகள் இது அசையவில்லை. 'இந்தியச் சைக்கிள் மாறவே இல்லையே' என்று குறைபட்டவர்கள் உண்டு. அந்த மாறாத தன்மையால்தான் தாத்தா வண்டியின் கிராங்க் பேரன் வண்டியில் ஏறுகிறது, ஊருக்கு ஊர் மரத்தடி மெக்கானிக்கால் எந்த வண்டியையும் பிழைக்கவைக்க முடிகிறது. இன்றைய விலையுயர்ந்த கியர் சைக்கிளில் ஒரு பேரிங் போனால் மாடல் நம்பர் தேடி அலைய வேண்டியிருக்கிறது.

பிரிப்பதிலும் ஒரு கலை இருக்கிறது. பழைய வண்டியில் கிராங்கை அச்சோடு பிணைப்பது காட்டர் பின். ஒரு பக்கம் சாய்வாக ராவிய சுண்டுவிரல் நீள இரும்பு முளை. நட்டைக் கழற்றி எறிந்துவிட்டுச் சுத்தியால் அடித்தால் மரை நசுங்கிவிடும், முளை ஜென்மத்துக்கும் வெளியே வராது. பெரியவர் அதற்கு முந்தைய இரவே மண்ணெண்ணெய் விட்டு ஊறவைத்திருந்தார். நட்டை மரையின் நுனி மட்டத்துக்குத் தளர்த்தினார். கிராங்கின் அடியில் தரையோடு ஒரு குழாய்த் துண்டை முட்டுக் கொடுத்தார். ஒரே அடி. 'ணங்' என்று சத்தம், முளை நகர்ந்துவிட்டது. கை நடுக்கம் இருந்ததோ இல்லையோ, அந்த அடியில் இல்லை.

இனி வண்டியின் அமைப்பு. லேடீஸ் சைக்கிளின் முன்பாதியை அப்படியே வைத்துக்கொண்டார். காலைத் தூக்கி வீச வேண்டாம், உள்ளே நுழைந்து உட்காரலாம். பின்பாதியை அறுத்துவிட்டு ரிக்ஷாவின் அச்சு. ஒட்டவைக்கும் வேலைக்கு மட்டும் பக்கத்துத் தெரு மெக்கானிக் பாய் வந்தார். "சீக்கிரம் முடிய கரன்ட் வெல்டிங் வச்சிடலாமே" என்று நான் வாய்விட, "நக்கோ சாப்" என்று வேண்டாமெனத் தலையாட்டினார். சைக்கிள் குழாய் மெல்லிசு, கரன்ட் வெல்டிங் ஓட்டை போட்டுவிடும். கேஸ் தீயில் பித்தளைக் கம்பியை உருக்கி ஊற்றினால் இரும்பு உருகாமலே பிடித்துக்கொள்ளும். பித்தளை சுமார் 900 டிகிரியில் உருகும், இரும்புக்கு 1,500 வேண்டும். அந்த இடைவெளிதான் பழைய சைக்கிள்களை இத்தனை வருஷம் தாங்கியிருக்கிறது.

மூன்று சக்கர வண்டியின் உண்மையான சிக்கல் திருப்பத்தில்தான் தெரியும். பெரியவர் வண்டியின் பின்சக்கரங்களுக்கு நடுவே 65 சென்டிமீட்டர். அவர் வீட்டு கேட் அனுமதித்த அகலம் அவ்வளவுதான். இந்த வண்டி ஒரு முழு வட்டம் போட்டால் வெளிச்சக்கரம் உள்சக்கரத்தைவிட சுமார் 4 மீட்டர் கூடுதலாக உருள வேண்டும். இரண்டையும் ஒரே அச்சில் இறுக்கிவிட்டால் டயர் தேயும், வண்டி திரும்ப அடம்பிடிக்கும்.

இதே சிக்கலில் விழுந்து எழுந்தவர் இங்கிலாந்தின் கோவென்ட்ரி நகரத்து ஜேம்ஸ் ஸ்டார்லி. மகனோடு பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து மிதிக்கும் வண்டியில் போனபோது, இளவட்டம் வேகமாக மிதித்ததில் வண்டி ஒரு பக்கமாகத் திரும்பி அப்பாவைக் காஞ்சொறிப் புதரில் தள்ளியதாம். அரிப்போடு உட்கார்ந்து யோசித்தபோது பிறந்தது தீர்வு என்பார்கள். கதை எப்படியோ, 1877-ல் அவர் டிஃபரென்ஷியல் பல்சக்கர அமைப்பை மூன்று சக்கர வண்டிக்குக் கொண்டுவந்தது வரலாறு. இரண்டு பின்சக்கரங்களும் வேறுவேறு வேகத்தில் சுற்ற விடுகிற அந்த ஏற்பாடுதான் இன்று நாம் போகும் காரிலும் இருக்கிறது. விக்டோரியா மகாராணியே அவருடைய வண்டியை வாங்கினார்.

டிஃபரென்ஷியலுக்குப் பெரியவர் போகவில்லை. ரிக்ஷா வழிதான் எடுத்தார்: ஒரு சக்கரத்தை மட்டும் செயின் இழுக்கும், மற்றது சும்மா உருளும். எந்தச் சக்கரம் இழுக்க வேண்டும் என்பதில்தான் அவருடைய பணிமனை மூளை தெரிந்தது. நம் சாலைகள் மழைநீர் வடிய ஓரத்துக்குச் சரிந்திருக்கும். இடப்பக்கமாகப் போகும் மூன்று சக்கர வண்டி எப்போதும் சாக்கடைப் பக்கம் இழுக்கும். இடச்சக்கரம் தள்ளினால் வண்டி வலப்பக்கம் திரும்பப் பார்க்கும். ஓர் இழுப்பை இன்னோர் இழுப்பால் சமன் செய்துவிட்டார்.

முழங்காலுக்கும் ஒரு கணக்குப் போட்டிருந்தார். பழைய வண்டியில் முன்னே 44 பல், பின்னே 18. பெடல் ஒரு சுற்றுக்கு 28 அங்குலச் சக்கரம் ஐந்தரை மீட்டர் பாயும். இளமைக்கு அது சரி. பின்சக்கரத்தை 24 அங்குலமாக்கி, ஃப்ரீவீலை 22 பல்லாக்கியதும் ஒரு சுற்றுக்கு நாலு மீட்டருக்கும் குறைவு. வேகம் போயிற்று, மேடு ஏறும் தெம்பு வந்தது.

வாசகர்களே, மூன்று சக்கரம் என்றால் நமக்கு ஏன் சிரிப்பு வருகிறது என்று யோசித்துப் பார்த்தேன். நாம் அதைக் குழந்தைக்கு வாங்கிக் கொடுத்தோம், இல்லாவிட்டால் பிழைப்புக்கு என்று ஒதுக்கினோம். தமிழகத்தில் 1973-ல் கைரிக்ஷாவை ஒழித்தபோது அதன் இடத்துக்கு வந்தது சைக்கிள் ரிக்ஷா. சென்னையில் பீரோவும் கட்டிலும் இடம் மாற்றியது மீன்பாடி வண்டி. மாற்றுத்திறனாளிகளுக்கு, 1972-ல் கான்பூரில் தொடங்கிய அரசு நிறுவனமான அலிம்கோ கையால் சுற்றும் வண்டி செய்து தருகிறது. கால் நன்றாக இருந்தும் தள்ளாட்டம் வந்துவிட்ட ஒருவர், தன் விருப்பத்துக்கு ஓட்டிப் போகும் வண்டி என்று நம் தெருக்கள் இதைப் பார்த்துப் பழகவில்லை.

ஆனால் இந்த வண்டியின் வேர், தன் விருப்பத்துக்கு ஓட்டிப்போக நினைத்த ஒருவரிடம்தான் இருக்கிறது. ஜெர்மனியின் நியூரம்பர்க் பக்கத்தில் ஸ்டீபன் ஃபார்ஃப்ளர் என்ற நடக்க முடியாத கடிகாரக்காரர், 1655-ல் தனக்காகத் தானே கட்டிக்கொண்டது கையால் சுற்றும் மூன்று சக்கர வண்டி. காற்றடைத்த டயருக்கு ஜான் டன்லப் 1888-ல் காப்புரிமை பெற்றாரே, அதை அவர் முதலில் மாட்டியது தன் மகனின் மூன்று சக்கர சைக்கிளில். இரண்டுமே ஒரு குறிப்பிட்ட ஆளின் உடம்பை மனதில் வைத்துச் செய்தவை.

தெருச் சிரிப்புக்கும் நம்மிடம் முன்னுதாரணம் உண்டு. 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் அறிவொளி எழுத்தறிவு இயக்கத்தின்போது, அன்றைய ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் பெண்களைச் சைக்கிள் கற்க ஊக்கப்படுத்தினார். கேலி பேசாத தெரு இல்லை. சில வருடங்களில் கேலி பேசியவர் வீட்டுப் பெண்களும் குடத்தைக் கேரியரில் கட்டிக்கொண்டு போனார்கள். சைக்கிள் ஓடத் தொடங்கிவிட்டால் சிரிப்பு நின்றுவிடும்.

கட்ட நினைப்பவர்களுக்கு இரண்டு எச்சரிக்கை. முதலாவது, நாற்பது வருஷம் சைக்கிள் ஓட்டியவர்தான் முதல் நாள் அதிகம் தடுமாறுவார். திருப்பத்தில் உடம்பு வண்டியைச் சாய்க்கப் பார்க்கும், வண்டி சாயாது. ஹேண்டில்பாரைத் திருப்ப வேண்டும், உடம்பை மட்டும் உள்பக்கம் சாய்க்க வேண்டும், வேகத்தை முன்கூட்டியே குறைக்க வேண்டும். ஆளில்லாத மைதானத்தில் பழகிவிட்டுத்தான் சாலைக்கு வர வேண்டும். இரண்டாவது, ஸ்டாண்டு போட்ட சைக்கிள் நிற்கும். மூன்று சக்கர வண்டி சரிவில் தானாக உருண்டு போய்விடும். இறங்கியதும் பூட்டிவைக்கிற பிரேக் கட்டாயம். பின்னால் சிவப்பு ரிஃப்ளெக்டரும் வேண்டும். கால்மிதி வண்டிக்குப் பதிவும் உரிமமும் தேவையில்லை. மோட்டார் வைக்க ஆசைப்பட்டால் 250 வாட் திறனுக்கும் 25 கிலோமீட்டர் வேகத்துக்கும் உட்பட்டதாக இருக்கட்டும். அதைத் தாண்டினால் மோட்டார் வாகனச் சட்டம் குறுக்கே வரும்.

பெரியவருக்கு நான் சொன்ன பதிலை உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன். வயதானவர்களிடம் நாம் தங்களை மாற்றிக்கொள்ளச் சொல்கிறோம்: படி ஏறாதே, வண்டி எடுக்காதே, தனியாகப் போகாதே. வண்டியை மாற்றலாமே என்று யாருக்கும் தோன்றுவதில்லை. அதற்கான சாமான் மாடிப்படிக்கு அடியிலேயே துருப்பிடித்துக் கிடக்கிறது, அதைச் சேர்க்கத் தெரிந்த கை தெருமுனையில் இருக்கிறது. பழைய இரும்புக்காரருக்குப் போடும் முன் ஒருமுறை யோசியுங்கள்.

கடையில் ஆயத்தமாகவும் பெரியவர்களுக்கான மூன்று சக்கர சைக்கிள் கிடைக்கிறது. பொருந்தினால் வாங்குங்கள். எதுவானாலும் முதலில் மூன்று அளவு எடுத்துக்கொள்ளுங்கள்: தொடை இடுக்கிலிருந்து குதிகால் வரை எவ்வளவு, சிரமமில்லாமல் தூக்கி வைக்க முடிகிற காலின் உயரம் எவ்வளவு, வீட்டு கேட்டின் அகலம் எவ்வளவு. அந்தத் தாளோடு மெக்கானிக்கிடம் போங்கள். நீங்கள் கட்டிய வண்டியின் படத்தையும் பட்ட பாட்டையும் எழுதி அனுப்பினால் வரும் இதழ்களில் வெளியிடுகிறோம். தீபாவளிக்கு அப்பாவுக்கு வேட்டியும் அம்மாவுக்குச் சேலையும் எடுக்கிறோம், இரண்டுக்கும் அளவு கேட்கத் தேவையில்லை. இந்த வருஷம் டேப்பைக் கையில் எடுத்துக்கொண்டு அவர்கள் பக்கத்தில் போய் நில்லுங்கள். எதற்கு என்று அவர்களே கேட்பார்கள்.

அன்புடன்,
ஆசிரியர்