நிழலில் விளையும் படம்

ஒளிப்படத்தைத் திருத்துவது என்றாலே பொய்யுரைப்பது என்று பொருள்கொள்ளும் வழக்கம் நம்மிடையே உள்ளது. மாணவர் ஒருவர் கைப்பேசியில் படத்தை மாற்றியமைத்துக்கொண்டிருந்தால், பெரியவர்கள் அதனை வீண்பொழுது என்றோ ஏமாற்று வேலை என்றோ ஒதுக்கிவிடுகின்றனர். இக்கருத்து எனக்கு உடன்பாடானது அன்று. படத்தைத் திருத்தும் கலைக்குள் மெய்யான கல்வி இருக்கிறது. அக்கல்வியைத் தடுக்கும் ஒரு பொத்தானும் அதே கருவிக்குள் இருக்கிறது என்பதுதான் சிக்கல்.

திருத்தம் கணினியோடு பிறந்தது அன்று. இங்கிலாந்தில் வாழ்ந்த ஆஸ்கார் ரெய்லாண்டர் என்னும் கலைஞர், 1857ஆம் ஆண்டிலேயே 30க்கும் மேற்பட்ட நெகட்டிவ்களை இணைத்து ஒரே படமாக்கினார். அடுத்த ஆண்டு ஹென்றி பீச் ராபின்சன் ஐந்து நெகட்டிவ்களைக் கொண்டு, இறக்கும் தறுவாயிலுள்ள இளம்பெண்ணையும் அவளைச் சூழ்ந்த குடும்பத்தாரையும் ஒரே காட்சியாக அமைத்தார். நம் ஊர் ஸ்டூடியோக்களிலும் இக்கலை இருந்தது. கூர்மையாகச் சீவிய பென்சிலால் நெகட்டிவின்மீது நுண்புள்ளிகளாகத் தீட்டி, முகத்தின் தழும்பை மறைத்தனர். சேர்ந்து படமெடுத்துக்கொள்ளாமலேயே காலமான கணவனையும் மனைவியையும் ஒரே சட்டத்துக்குள் அருகருகே அமர்த்தித் தந்தனர். அப்படத்துக்கு மாலை சூட்டும் வீட்டில் அதனை எவரும் பொய்யென்று கருதுவதில்லை.

கணினி வழித் திருத்தத்தை வளர்த்தவர்களில் மாணவர்களும் உண்டு. 1987இல் மிச்சிகன் பல்கலைக்கழக ஆராய்ச்சி மாணவரான தாமஸ் நோல், தம் கணினியின் கறுப்பு வெள்ளைத் திரையில் சாம்பல்நிறச் சாயல்களைக் காட்டுவதற்காக ஒரு நிரலை எழுதினார். திரைப்படக் காட்சி விளைவுகளை உருவாக்கும் நிறுவனத்தில் பணியாற்றிய அவருடைய உடன்பிறந்தார் ஜானும் துணைசேர, அந்நிரல் வளர்ந்து 1990இல் ஃபோட்டோஷாப் என வெளிவந்தது. எவரும் விலையின்றிப் பயன்படுத்தக்கூடிய கிம்ப் மென்பொருளை 1995இல் தொடங்கிய ஸ்பென்சர் கிம்பால், பீட்டர் மாட்டிஸ் இருவரும் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் பயின்ற மாணவர்களே.

நான் அறிந்த பதினொன்றாம் வகுப்பு மாணவி ஒருவரின் முயற்சியை இங்குக் குறிப்பிட விரும்புகிறேன். பனையோலைப் பெட்டி முடையும் தம் பாட்டியின் முகத்துக்குள் பனங்காடு தெரிய வேண்டும் என்பது அவருடைய எண்ணம். இரண்டு படங்களை ஒன்றன்மேல் ஒன்றாகப் பதியச்செய்யும் இம்முறைக்கு இரட்டைப் பதிவு என்று பெயர். குழல்விளக்கின் ஒளியில், வீட்டுச் சுவரின் முன் எடுத்த முதற்படம் பாழாயிற்று. முகமும் மரமும் சுவரும் ஒன்றோடொன்று குழம்பி, எதுவும் தெளியவில்லை. மாணவி செயலியைக் குறைகூறாமல் காரணத்தைத் தேடினார்.

விடை கணக்கில் இருந்தது. எட்டு பிட் படத்தில், ஒவ்வொரு புள்ளியின் ஒளியளவும் 0 முதல் 255 வரையிலான ஓர் எண்ணால் குறிக்கப்படுகிறது. 0 கருமை, 255 வெண்மை. அவர் தேர்ந்த 'ஸ்கிரீன்' என்னும் கலப்பு முறையில், ஒரு படத்தின் புள்ளி 0 ஆக இருந்தால் மற்றப் படம் அவ்விடத்தில் முழுமையாகத் தெரியும். 255 ஆக இருந்தால் மற்றப் படத்தின் சுவடே அங்கு இராது. சுருங்கச் சொன்னால், இருண்ட இடமே இரண்டாவது படத்தை ஏற்கும். இதனை உணர்ந்தபின், மாலையில் பாட்டியை வெளிர்ந்த வானத்தின் முன் பக்கவாட்டில் நிற்கச்செய்து, வானத்தின் ஒளிக்கேற்பப் படமெடுத்தார். வானம் வெளுத்தது; முகம் நிழலுருவாகக் கறுத்தது. அந்நிழலுக்குள் பனைகள் ஒவ்வொன்றாக எழுந்து நின்றன. ஒளியியலையும் கணக்கையும் ஒருசேரக் கற்பித்த அப்படத்தை வெறும் வேடிக்கை என்று எவ்வாறு தள்ளுவது?

அதே மாணவியிடம் பள்ளி ஆண்டு மலருக்கான வகுப்புப் படத்தைச் செம்மைப்படுத்தும் பொறுப்பு தரப்பட்டது. வேப்பமர நிழலில் நின்ற பின்வரிசை சற்று மங்கியிருந்தது. அவர் அழகூட்டும் பொத்தானை ஒருமுறை தொட்டார். நொடியில் எல்லா முகங்களும் வெளுத்து வழவழப்பாயின. அதனைக் கண்ட தோழி ஒருத்தி, "இதில் நான் எங்கே நிற்கிறேன்?" என்று தணிந்த குரலில் கேட்டாள்.

இவ்விரண்டாம் செயலை நான் சோதனை என்று கொள்ளமாட்டேன். சோதனை என்பது விடை அறியாமல் தொடங்குவது. இங்கோ அழகு எது என்னும் விடையை, படத்திலிருப்போரைக் காணாத எவரோ முன்னரே எழுதி வைத்துவிட்டனர். இதுவும் புதிதன்று. 1950கள் முதல் கோடாக் நிறுவனம், வண்ணப்படங்களை அச்சிடும் ஆய்வகங்களுக்கு நிறத்தைச் சரிபார்க்கும் அட்டையை வழங்கியது. அதில் இருந்தது வெள்ளைத்தோல் பெண்ணொருவரின் படம். 'ஷெர்லி அட்டை' எனப்பட்ட அதில் அவருடைய தோல்நிறம் சரியாக அமைந்தால் எல்லாம் சரி என்பது கணக்கு. கரிய முகங்கள் அப்படங்களில் விவரம் இழந்து தோன்றின. பிற்காலத்தில் அடர்பழுப்பு நிறம் தெளிவாகப் பதியுமாறு படச்சுருள் திருத்தப்பட்டதற்கு, சாக்லேட்டையும் மரச்சாமான்களையும் படமெடுத்தோரின் முறையீடுகளும் காரணமாயின. மனிதமுகங்களுக்காக எழுந்திருக்க வேண்டிய கேள்வியை மரப்பலகை எழுப்பியது!

தம் முகத்தை வெளுப்பாக்கிக்கொள்வது அவரவர் விருப்பம் அன்றோ என நீங்கள் வினவலாம். ஆம், அதனைத் தடுக்கும் உரிமை எனக்கில்லை. ஆயின், ஒருவர் விரும்புவதற்கு முன்பே அவ்விருப்பத்தைத் தாமாகச் செயல்படுத்திவிடும் கைப்பேசிகளும் உள்ளன. பிறர் முகமாயின் வினாவே வேறு. தோழியின் முகம் எவருடைய மூலப்பொருளும் அன்று. கேட்டபின் தொடுவதே முறை. இழிவுபடுத்தும் நோக்குடன் பிறர் படத்தைத் திரிப்போர் சட்டத்தின் பிடிக்குள் வருவர். அதனை இங்கு விரித்துரைக்கத் தேவையில்லை.

கலைநோக்கிலும் அப்பொத்தான் இழப்பையே தருகிறது. வெளுப்பை மிகுத்துக்கொண்டே சென்றால் 240, 248, 252 என வேறுபட்டிருந்த புள்ளிகள் யாவும் 255ஐத் தொட்டு ஒன்றாகிவிடும். அவ்வேறுபாடே கன்னத்தின் வளைவு, நெற்றியின் சுருக்கம். அவ்வாறு சேமித்த படத்தை மீண்டும் இருளாக்கினாலும் அவை திரும்பி வாரா. ஒரே சாம்பல்நிறத் திட்டுதான் கிடைக்கும்.

நல்வேளையாக அம்மாணவி மூலப்படத்தைத் தனியே சேமித்திருந்தார். மறுநாள் அதனைத் திறந்து, பின்வரிசையில் நிழல் படிந்த பகுதியை மட்டும் தேர்ந்து, அங்கு ஒளியைச் சிறிது சிறிதாக உயர்த்தினார். இருட்டறையில் ஒளிப்படக் கலைஞர்கள் தாளின் ஒரு பகுதிக்குச் செல்லும் ஒளியைக் கையால் மறைத்துச் செய்த வேலையும் இதுவே. இம்முறை தோழியும் பக்கத்தில் அமர்ந்திருந்தாள். திரையில் அளவுக்கோடு மெல்ல வலப்புறம் நகர்ந்தது. வேப்பிலைகளின் நிழல் விலகி, அவளுடைய முகம் அவளுக்குரிய நிறத்திலேயே தெளிந்தபோது, "இவ்வளவு போதும்" என்றாள்.