படிவத்தில் இல்லாத பத்தி

கடலூர், சிதம்பரம் வட்டாரத்து மக்களுக்குப் புயலும் வெள்ளமும் புதியன அல்ல. 2004 டிசம்பர் 26-இல் ஆழிப்பேரலை, 2011 டிசம்பர் 30-இல் தானே புயல், 2015-இல் பெருவெள்ளம், 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயல், அதனைத் தொடர்ந்து தென்பெண்ணையில் வெள்ளம். ஒவ்வொரு முறையும் சேதக் கணக்கு எடுக்கிறோம். நீர் புகுந்த தறிக்குழிகள், நனைந்த பாவு, சாய்ந்த முந்திரி, பலா, மூழ்கிய நெற்பயிர் என்று பத்தி பத்தியாக எழுதுகிறோம். குழந்தைகளுக்கென்று அப்படிவத்தில் ஒரு பத்தியும் இல்லை.

ஃபெஞ்சல் வெள்ளம் வடிந்தபின் ஒரு நெசவாளர் இல்லத்திற்குச் சென்றிருந்தோம். பெற்றோர் தறிக்குழியிலிருந்து நீரை இறைத்துக்கொண்டிருந்தனர். ஏழு வயதுச் சிறுமி தாயின் முந்தானையை விடாமல் பற்றி நின்றாள். வானம் கறுத்தாலே வீரிட்டு அழுவதாகத் தாய் கூறினார். "அழாதே!" என்று தந்தை அதட்டினார். அவரைக் குறைகூற நமக்கு மனம் வரவில்லை. கடன் தவணை அவர் நெஞ்சை அழுத்திக்கொண்டிருந்தது. ஆயினும் அதட்டலால் அழுகை கூடியதேயன்றிக் குறையவில்லை. அப்பொழுது பாட்டி, கலந்து கிடந்த நூற்கண்டுகளை முறத்தில் இட்டு, "நிறம் நிறமாப் பிரிச்சுக் குடு கண்ணு" என்றார். சற்று நேரத்தில் சிறுமியின் கை முந்தானையை விட்டு முறத்திற்கு வந்தது.

மனநல மருத்துவர் கூறுவதையே அப்பாட்டி செய்தார். கைக்கு எளிய செயல் கிடைத்தால் மனம் நிலைகொள்ளும். இது வேலை வாங்குவதன்று. விளையாட்டாகவே இருத்தல் வேண்டும். உழவர் இல்லங்களில் பயறு, உளுந்து, கொள்ளு ஆகியவற்றைக் கலந்து கொடுத்துப் பிரிக்கச் சொல்லலாம்.

அச்சம் மிகும் வேளையில், சூடான கஞ்சியை ஊதி ஆற்றுவதுபோல் மெல்ல, நீளமாக மூச்சு விடச் சொல்லுங்கள். பெரியவரும் உடன் ஊதுக, படபடப்பு தணியும். குழந்தை மணலில் வீடு கட்டி, நீர் ஊற்றி இடித்து விளையாடினால் அபசகுனம் என்று தடுக்க வேண்டாம். சொல்லால் சொல்ல இயலாததை அது விளையாட்டால் சொல்கிறது. வீடு எவ்வளவு கலைந்திருப்பினும் உணவு, உறக்கம், கதை ஆகியவற்றின் நேரம் மாறாதிருக்கட்டும். அடுத்த புயல் எச்சரிக்கையின்போது தன் புத்தகத்தையும் ஒரு விளையாட்டுப் பொருளையும் தானே மூட்டை கட்டும் பொறுப்பைக் கொடுங்கள். செய்யத்தக்கது ஒன்று உண்டு என்றறிந்த குழந்தைக்கு அச்சம் குறையும்.

சில வாரங்கள் கழிந்தும் உறக்கமின்மை, பேச்சின்மை நீடித்தால் அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் செல்க. 14416 என்ற எண்ணில் மனநல ஆலோசனையும், 1098 என்ற எண்ணில் குழந்தைகளுக்கான உதவியும் கட்டணமின்றிக் கிடைக்கும்.

கடனும் நிவாரணமும் கவனிக்க வேண்டிய சங்கத்திற்கு இதில் என்ன வேலை என்று சிலர் வினவலாம். நிவாரணக் கூட்டத்திற்கு வரும் தாய்மார் குழந்தைகளோடுதானே வருகின்றனர்? சங்கக் கட்டிடத்தின் மூலையில் ஒரு பாய், சில பல்லாங்குழிகள், காகிதம், வண்ணக்கோல், கவனித்துக்கொள்ள அங்கத்தினர் ஒருவர். இதற்குப் பெருஞ்செலவு இல்லை. நிர்வாகக் குழுவின் ஒரு தீர்மானம் போதும்.

இடிந்த சுவருக்கும் அறுந்த பாவுக்கும் கணக்கு எழுதும் நாம், அடுத்த மழைக்காலத்திற்கு முன் அந்த விடுபட்ட பத்தியையும் சேர்த்துக்கொள்வோமாக.