பேங்க் வக்கீல்

போன மாதம் ஒருநாள் ராத்திரி பத்து மணிக்கு அக்கா மகனிடமிருந்து போன். "மாமா, லீகல்ல நின்னுடுச்சு" என்றான். குரலைக் கேட்டு ஏதோ ஆஸ்பத்திரி சமாச்சாரம் என்றே பயந்துவிட்டேன்.

கொரட்டூரில் அரை கிரவுண்டில் ஒரு பழைய வீடு. விலை பேசி, பத்து லட்சம் அட்வான்ஸும் கொடுத்திருந்தான். கிரய ஒப்பந்தத்தில் மூன்று மாதக் கெடு. சம்பளச் சீட்டு, சிபில் ஸ்கோர், வருமான வரி ரிட்டர்ன் எல்லாவற்றையும் பார்த்து வங்கி நான்கே நாளில் தலையாட்டிவிட்டது. பிறகு ஃபைல் வங்கியின் பேனல் வக்கீலிடம் போனது. அங்கிருந்து ஒரு பட்டியல் வந்தது. பதினாறு ஐட்டம்.

தாய்ப்பத்திரம் ஒரிஜினல், அதற்கு முந்தைய பத்திரங்களின் நகல், 30 வருஷத்து வில்லங்கச் சான்று, பட்டா, மனைப்பிரிவு அங்கீகாரம், கட்டட வரைபட அனுமதி, சொத்து வரி ரசீது, விற்பவருடைய அப்பாவின் இறப்புச் சான்று, வாரிசுச் சான்று என்று போய்க்கொண்டே இருந்தது. "நான் கடன் கேட்டேனா, பொண்ணு கேட்டேனா மாமா? மூணு தலைமுறையை விசாரிக்கிறாங்க" என்றான்.

வீட்டை விற்பவருக்கு இவனைவிடக் கோபம். "ரிஜிஸ்டர் ஆன பத்திரம் இருக்கு. அதுல கவர்ன்மென்ட் சீல் இருக்கு. இதுக்கு மேல என்ன சார் வேணும்?" என்று என்னிடமே கேட்டார். நியாயமான கேள்வியாகத்தான் எனக்கும் பட்டது.

அந்தச் சனிக்கிழமை தம்பு செட்டி தெருவில் அந்தப் பேனல் வக்கீலம்மாவின் அறைக்குப் படியேறினோம். இருபது வருஷமாக வங்கிகளுக்கு லீகல் ஒப்பினியன் எழுதுகிறவர். அந்தக் கேள்வியை அப்படியே அவர் முன்னால் வைத்தேன். சிரித்தார்.

"சார், நம்ம ஊர்ல ரிஜிஸ்டர் ஆகிறது பத்திரம்தான். உரிமை ரிஜிஸ்டர் ஆகாது."

பதிவு அலுவலர் பார்ப்பது எழுதிக் கொடுப்பவர் யார், முத்திரைத்தாள் கட்டணம் சரியா, சாட்சிகள் வந்தார்களா என்பதைத்தான். விற்பவருக்கு அந்த வீடு உண்மையிலேயே சொந்தமா என்று தீர்ப்புச் சொல்வது அவர் வேலை அல்ல. முந்தைய பத்திரத்தின் ஒரிஜினலைக் காட்டினால்தான் பதிவு என்று தமிழ்நாட்டில் 2022-ல் 55-ஏ என்றொரு விதி கொண்டுவந்தார்கள். 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. விற்பவருக்கு உரிமை இல்லை என்பதற்காகப் பதிவு அலுவலர் பத்திரத்தை மறுக்க முடியாது என்பதுதான் அந்தத் தீர்ப்பின் சாரம். அப்படியானால் உரிமையைப் பார்ப்பது யார்? வாங்குகிறவர் பார்க்க வேண்டும். அவர் பார்க்காவிட்டாலும், பணம் போடுகிற வங்கி பார்க்கும். வங்கிக்காகப் பார்க்கிற கண்தான் இந்தப் பேனல் வக்கீல்.

அவர் ஃபைலின் பின்பக்கத்தில் பென்சிலால் ஒரு குடும்ப மரம் வரைந்து வைத்திருந்தார். விற்பவரின் அப்பா 1984-ல் தன் சம்பாத்தியத்தில் மனை வாங்கியிருக்கிறார். 1996-ல் உயில் எழுதாமல் காலமானார். மனைவி அவருக்கு முன்பே போய்விட்டார். 2003-ல் பாகப்பிரிவினைப் பத்திரம் பதிவாகியிருக்கிறது. அண்ணன், தம்பி இருவர் மட்டும் கையெழுத்து. வாரிசுச் சான்றில் மூன்று பெயர்.

"இந்தத் தங்கச்சி கையெழுத்து எங்கே?" என்று பென்சில் முனையை அந்த மூன்றாவது பெயரில் வைத்தார்.

ஈசி என்கிற வில்லங்கச் சான்றில் எந்த வில்லங்கமும் இல்லையே என்றான் அக்கா மகன். அதைத்தான் பதிவுத்துறை இணையதளத்தில் பார்த்துவிட்டு அவன் நிம்மதியாக அட்வான்ஸ் கொடுத்திருந்தான். "தம்பி, ஈசியில போட்ட கையெழுத்துதான் தெரியும். போடாத கையெழுத்து தெரியாது" என்றார் வக்கீலம்மா.

தங்கைக்கு 1987-லேயே கல்யாணம் ஆகிவிட்டது, நாற்பது பவுன் போட்டாச்சு, அவளுக்கு இதில் என்ன பங்கு என்பது விற்பவரின் வாதம். பெண்களுக்குப் பங்கு என்றதும் நம்மில் பலருக்கு 1989-ல் வந்த தமிழ்நாட்டுத் திருத்தம் நினைவுக்கு வரும். இல்லாவிட்டால் 2005-ல் வந்த மத்தியத் திருத்தம். இரண்டும் பூர்விகச் சொத்தைப் பற்றியவை. அப்பா சுயமாகச் சம்பாதித்து, உயில் எழுதாமல் போன சொத்துக்கு அவை தேவையே இல்லை. 1956-ம் வருஷத்து இந்து வாரிசுரிமைச் சட்டம் போதும். மகனும் மகளும் அதில் முதல் வகுப்பு வாரிசுகள், சம பங்கு. நாற்பது பவுன் அந்தக் கணக்கில் வராது.

ஆக, ஒன்று தங்கை விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுக்க வேண்டும். அல்லது கிரயப் பத்திரத்தில் அவரும் சேர்ந்து கையெழுத்துப் போட வேண்டும். மூன்று வாரம் அண்ணனுக்கும் தங்கைக்கும் பேச்சு நடந்தது. கடைசியில் ஒரு தொகைக்கு முடிந்ததாகக் கேள்வி. அதில் பாதியை வீட்டு விலையில் ஏற்ற விற்பவர் செய்த முயற்சி பலிக்கவில்லை.

அன்று திரும்பி வரும்போது எனக்குப் பட்டியலின் மேல் இருந்த கோபம் போய்விட்டது. 30 வருஷக் கணக்குக்கும் காரணம் இருக்கிறது. சொத்தை அடமானம் வைத்தவர் அதை மீட்க வழக்குப் போட 1963-ம் வருஷத்துக் காலவரையறைச் சட்டம் 30 வருஷம் தருகிறது. அரசாங்கம் வழக்குப் போடவும் அதே 30 வருஷம்தான். வங்கிக்காரர்கள் ஒரிஜினல் ஒரிஜினல் என்று உயிரை எடுப்பதற்குக் காரணம் இன்னும் பழையது. 1882-ம் வருஷத்துச் சொத்து மாற்றுச் சட்டம், உரிமைப் பத்திரங்களைக் கடன் கொடுப்பவரிடம் ஒப்படைத்தாலே அது அடமானம் என்கிறது. இந்த வசதி முதலில் கிடைத்த நகரங்களில் மெட்ராஸும் ஒன்று. சட்டத்திலேயே பெயர் இருக்கிறது. எம்.ஓ.டி. என்று வங்கிகள் பதியச் சொல்வது இந்த ஒப்படைப்பைத்தான். ஒரிஜினல் இல்லை என்றால் அடமானத்துக்கு அடித்தளமே இல்லை. ஏற்கெனவே அது வேறொரு பெட்டகத்தில் தூங்குகிறதோ என்ற சந்தேகமும் சேர்ந்துகொள்ளும்.

இதுவரை எல்லாம் நல்லதாகவே முடிந்தது. கதை இங்கே நின்றிருந்தால் இந்த வாரம் பேனல் வக்கீல்களுக்கு ஒரு நன்றி சொல்லிவிட்டு நான் வேறு வேலை பார்த்திருப்பேன்.

ஒப்பினியன் வங்கிக்குப் போன பிறகு, நம் கையிலும் ஒரு பிரதி இருக்கட்டும் என்று அக்கா மகன் கேட்டான். "அது பேங்குக்கு எழுதினது தம்பி. அவங்களைக் கேளுங்க" என்றார் வக்கீலம்மா. வங்கியில் கேட்டால், அது உள் ஆவணம் என்று பதில். ஃபீஸ் கட்டியது இவன். ரசீது இவன் பெயரில். ஆனால் ஒப்பினியனின் முதல் வரியில் கிளை மேலாளருக்கு என்றுதான் இருக்கும்.

இதில் வக்கீலம்மாவைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. அவருடைய கட்சிக்காரர் வங்கி. கடன் திரும்பாவிட்டால் இந்தச் சொத்தை விற்றுப் பணம் எடுக்க முடியுமா என்பதுதான் அவரிடம் கேட்கப்பட்ட கேள்வி. அந்த வீட்டில் இவன் நிம்மதியாகக் குடியிருக்க முடியுமா என்று யாரும் அவரைக் கேட்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் இரண்டடி தள்ளிச் சுவர் கட்டியிருக்கிறாரா, மாடியில் இருக்கிற வாடகைக்காரர் காலி செய்வாரா, மழைக்காலத்தில் தெருவில் எவ்வளவு தண்ணீர் நிற்கும் என்பதெல்லாம் அவர் ஃபைலில் வராது. வங்கிக்கு விழும் அடியும் நமக்கு விழும் அடியும் ஒன்றல்ல. ரிசர்வ் வங்கி விதிப்படி 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரையிலான கடன் என்றால், சொத்து மதிப்பில் 80 சதவீதத்துக்கு மேல் வங்கி கொடுக்காது. மீதி நம் பணம்; முதலில் போவது அதுதான். நாளைக்கே சொத்து வில்லங்கமானாலும் வங்கி நம் சம்பளத்தைப் பார்த்துத் தவணை கேட்கும். வீடு போனாலும் இ.எம்.ஐ. போகாது.

ஒப்பினியன் தப்பாகிவிட்டால்? ஹைதராபாத்தில் வீட்டுக் கடன் மோசடி ஒன்றில், ஒப்பினியன் கொடுத்த பேனல் வக்கீல் மீதும் சி.பி.ஐ. வழக்குப் போட்டது. சதியில் பங்கு இருந்ததற்கு ஆதாரம் வேண்டும், கவனக்குறைவு மட்டும் குற்ற வழக்காகாது என்று 2012-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது; அவர் மீதான வழக்கு நிற்கவில்லை. சரியான தீர்ப்புதான், ஒவ்வொரு பிழைக்கும் சிறை என்றால் யாரும் ஒப்பினியன் எழுத மாட்டார்கள். நுகர்வோர் நீதிமன்றத்துக்குப் போகலாமே என்றால், வக்கீல் தொழில் அந்தச் சட்டத்துக்குள் வராது என்று 2024 மே மாதம் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

இங்கிலாந்தில் வேறு மாதிரி. அங்கே பெரும்பாலும் வாங்குகிறவருக்கும் கடன் கொடுப்பவருக்கும் ஒரே வக்கீல். கடன் கொடுக்கும் நிறுவனங்கள் என்னென்ன எதிர்பார்க்கின்றன என்பதற்குப் பொதுக் கையேடே உண்டு. முதல் பகுதி எல்லோருக்கும் பொது, இரண்டாம் பகுதியில் ஒவ்வொரு நிறுவனத்தின் தனி நிபந்தனைகள். இரு தரப்பின் நலனும் மோதினால் வக்கீல் விலகிக்கொள்ள வேண்டும். அங்கே அரசின் நிலப் பதிவேட்டில் இருப்பது உரிமை. பதிவேட்டுப் பிழையால் நஷ்டம் வந்தால் ஈடு தரவும் வழி இருக்கிறது. நம் ஊரில் பத்திரமும் நம்முடையது, பிழையும் நம்முடையது. அதனால் வக்கீலும் நம்முடையவராக இருந்தாக வேண்டும்.

அக்கா மகன் போன வியாழக்கிழமை பதிவு முடித்துவிட்டான். ஒரிஜினல் பத்திரம் நேராக வங்கிக்குப் போகும். கடன் அடைத்து முடித்த 30 நாளில் வங்கி அதைத் திருப்பித் தர வேண்டும். தன் தவறால் தாமதித்தால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் தர வேண்டும் என்பது 2023 டிசம்பரிலிருந்து நடப்பிலுள்ள ரிசர்வ் வங்கி விதி. அவனுக்கு அதற்கு இன்னும் இருபது வருஷம் இருக்கிறது.

அவன் தப்பித்தது தங்கையின் பெயர் ஒரு பென்சில் முனையில் சிக்கியதால். அதுவும் பத்து லட்சம் கைமாறிய பிறகு. நீங்கள் வீடு பார்த்துக்கொண்டிருந்தால் வரிசையை மாற்றிக்கொள்ளுங்கள். அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால், உங்கள் செலவில், உங்களுக்கென்று ஒரு வக்கீலிடம் பத்திரங்களைக் காட்டுங்கள். ஒப்பினியனை உங்கள் பெயருக்கு எழுதி வாங்குங்கள். உரிமையில் குறை என்று வங்கி கடன் மறுத்தால் அட்வான்ஸை முழுசாகத் திருப்பித் தர வேண்டும் என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி சேருங்கள். விற்பவர் அந்த வரிக்குச் சம்மதிக்க மறுத்தால், அந்த வீட்டை விட்டுவிட்டு அடுத்த வீட்டைப் பாருங்கள்.