வெற்றுக் கடவுச்சொல்லுக்கு வெற்றி விடை

நிறுவனத்தின் டைரக்டரியோடு இணைத்த ஓர் உள்நுழைவுப் பக்கம். பயனர் பெயர் சரியாக இருக்கிறது. கடவுச்சொல் கட்டத்தில் ஒன்றுமே இல்லை. செயலி இரண்டையும் அப்படியே, டைரக்டரியோடு பேசும் நெறிமுறையான எல்டாப்பின் லைப்ரரியிடம் கொடுக்கிறது. லைப்ரரி சர்வரிடம், பெயரையும் கடவுச்சொல்லையும் சரிபார்க்கும் சிம்பிள் பைண்ட் கேட்கிறது. சர்வர் 0 என்று விடை அனுப்புகிறது. எல்டாப்பில் 0 என்றால் வெற்றி. கடவுச்சொல்லே தெரியாத ஒருவர் உள்ளே வந்துவிடுகிறார்.

சர்வர் இதில் விதியை மீறவில்லை. பெயர் உண்டு, கடவுச்சொல் இல்லை என்ற கோரிக்கைக்கு 2006 ஜூனில் வெளிவந்த ஆர்.எஃப்.சி. 4513 'அன்ஆத்தென்டிகேட்டட் பைண்ட்' என்று தனிப்பெயரே கொடுத்திருக்கிறது. அங்கே தரப்படும் பெயர் லாகில் தடம் வைக்க மட்டுமே. இணைப்பு அநாமதேய இணைப்புதான். வெற்றுக் கடவுச்சொல்லைக் கிளையண்ட் ஏற்கக் கூடாது, சர்வரும் இயல்பாகவே அதை 53 என்ற குறியீட்டுடன் மறுக்க வேண்டும் என்பது அதே ஆவணத்தின் பரிந்துரை. ஓப்பன்எல்டாப் சர்வர் அப்படியே மறுக்கிறது. ஆக்டிவ் டைரக்டரி இயல்பில் ஏற்றுக்கொள்கிறது. மறுக்கச் சொல்லும் அமைப்பு விண்டோஸ் சர்வர் 2019-இல்தான் வந்தது. அதையும் நிர்வாகியே தேடிப் போய் இயக்க வேண்டும்.

ஆகவே பொறுப்பு கிளையண்ட் பக்கத்துக்கு வந்து சேர்கிறது. லைப்ரரிகள் இங்கே ஒன்றுபோல் நடப்பதில்லை. கோ மொழிக்கான கோ-எல்டாப்பின் பைண்ட் ஃபங்ஷன் வெற்றுக் கடவுச்சொல்லைக் கண்டதும் பிழையைத் திருப்புகிறது. அன்ஆத்தென்டிகேட்டட் பைண்ட் வேண்டும் என்பவர் அதற்கென்றே இருக்கும் வேறொரு ஃபங்ஷனைப் பெயர் சொல்லி அழைக்க வேண்டும். ஜாவாவுக்கான அன்பவுண்ட்ஐடி, பைத்தானுக்கான எல்டாப்3 ஆகியவையும் சர்வர்வரை போகாமல் தடுத்துவிடுகின்றன. சி மொழி லைப்ரரியும், அதன் மேல் நிற்கும் பைத்தான்-எல்டாப், பிஎச்பி இணைப்புகளும் கேட்டதைக் கேட்டபடி சர்வருக்கு அனுப்புகின்றன. கோ-எல்டாப் வழியே சரியான வழி என்பது இவ்விதழின் உறுதியான கருத்து. ஆபத்தான செயலுக்குத் தனிப் பெயர் இருந்தால், நிரலைச் சரிபார்ப்பவர் கண்ணில் அது படாமல் போகாது.

சி லைப்ரரி இப்படி இருப்பதற்கு அதன் வயதும் ஒரு காரணம். டிம் ஹவ்ஸும் மார்க் ஸ்மித்தும் அந்த ஏபிஐ-யை ஆர்.எஃப்.சி. 1823 ஆக எழுதி வெளியிட்டது 1995 ஆகஸ்டில். நெறிமுறையின் 3-ஆம் பதிப்பு 1997 டிசம்பரில்தான் வந்தது. பிஎச்பி மாதிரி நிரல்களில் 'பதிப்பு 3' என்று அமைக்கும் வரி விடாமல் வருவது இதனால்தான். அந்த வரியை விட்டால், பழைய பதிப்பைக் கேட்கிறீர்கள் என்று ஓப்பன்எல்டாப் சர்வர் திருப்பி அனுப்பிவிடும்.

பழைய லைப்ரரியை மாற்ற முடியாத இடங்களிலும் வழி இருக்கிறது. கடவுச்சொல்லின் நீளத்தைப் பைண்டுக்கு முன்பே பார்ப்பது முதல் வேலை. பைண்ட் முடிந்தபின் 'ஹூ ஆம் ஐ' கேட்பது இரண்டாவது, ஆர்.எஃப்.சி. 4532 வரையறுத்த இந்தக் கோரிக்கைக்கு, அநாமதேய இணைப்பாக இருந்தால் வெற்று விடையே வரும். எதிர்பார்த்த அடையாளம் அதில் இருந்தால் மட்டும் உள்ளே விடலாம்.

பைண்டுக்கு முன் பயனரின் பதிவைக் கண்டுபிடிக்கும் தேடலில் வேறொரு ஓட்டை. பயனர் தட்டச்சு செய்த பெயரை அப்படியே ஃபில்டரில் ஒட்டினால், * என்று தட்டியவருக்கு டைரக்டரியில் உள்ள எல்லாரும் பொருந்துவார்கள். வரும் பட்டியலில் முதல் பதிவை எடுத்துக்கொண்டு நகரும் நிரல்கள் இன்னும் ஏராளம். அடைப்புக்குறி தட்டத் தெரிந்தவர் ஃபில்டரின் பொருளையே மாற்றிவிடுவார். ஆர்.எஃப்.சி. 4515-இன்படி ( என்பது \28 ஆகவும் ) என்பது \29 ஆகவும் மாற வேண்டும். நட்சத்திரக் குறிக்கும் பின்சாய்வுக் கோட்டுக்கும் இதே விதி. இதைக் கையால் எழுத வேண்டிய தேவை இல்லை. பிஎச்பி 5.6 முதல் இதற்கென்றே ஃபங்ஷன் உண்டு, பைத்தான்-எல்டாப்பிலும் உண்டு. ஒரே ஒரு பதிவு வந்தால் மட்டும் மேலே போவது என்ற சோதனையும் கூடவே இருக்க வேண்டும்.

பயனர் தந்த எழுத்து லைப்ரரிக்குள் புகுந்தால் எவ்வளவு தூரம் போகும் என்பதை 2021 டிசம்பரில் உலகம் பார்த்தது. லாக்4ஷெல் என்று பெயர் பெற்ற சிவிஇ-2021-44228 குறைபாட்டில், லாக் செய்யப்படும் ஒரு சரமே ஜாவாவின் ஜேஎன்டிஐ லைப்ரரியை யாரோ ஒருவரின் எல்டாப் சர்வருக்கு அனுப்பியது. அந்தச் சர்வர் சுட்டிய இடத்திலிருந்து நிரலை இறக்கி இயக்கும் வசதி ஜேஎன்டிஐ-யில் இருந்தது. 2018-இல் வந்த ஜேடிகே 8யூ191 அதை இயல்பில் மூடியிருந்தாலும், பழைய ஜேடிகேக்கள் திறந்தே கிடந்தன. மூடியவற்றைச் சுற்றிப் போகவும் வழிகள் இருந்தன. ஆகவே டைரக்டரியின் முகவரி அமைப்புக் கோப்பிலிருந்து மட்டுமே வர வேண்டும்.

குறியாக்கம் பற்றிச் சுருக்கமாக. 389 போர்ட்டில் பைண்டை முடித்துவிட்டு ஸ்டார்ட்டிஎல்எஸ் கேட்டால், கடவுச்சொல் அதற்குள் வெட்டவெளியில் போய்விட்டிருக்கும். சான்றிதழில் உள்ள சர்வர் பெயரை எல்டாப்எஸ் இணைப்புகளில் இயல்பாகவே சரிபார்க்கும் மாற்றம் ஜாவாவில் ஜேடிகே 8யூ181-இல் வந்தது. அப்போது அறுந்த இணைப்புகளை ஒட்டவைக்க அந்தச் சோதனையை அணைத்து வைத்தவர்கள், சான்றிதழைச் சரிசெய்து அதை மீண்டும் இயக்க வேண்டும்.

கடைசியாக, பயனர் கணக்குகளை இன்னொரு அமைப்போடு ஒத்திசைக்கும் நிரல்கள். ஆக்டிவ் டைரக்டரி ஒரு தேடலுக்கு இயல்பாக 1,000 பதிவுகளையே தரும், ஓப்பன்எல்டாப் 500. மீதி இருந்தால் விடைக் குறியீடு 4. அதைப் பொருட்படுத்தாமல், 'டைரக்டரியில் காணாதவர் வேலையை விட்டவர்' என்று கருதும் நிரல், பணியில் இருப்பவர்களின் கணக்குகளையே முடக்கிவிடும். ஆர்.எஃப்.சி. 2696 பக்கம் பக்கமாகக் கேட்கும் முறையைத் தருகிறது. சர்வர் வெற்றுக் குக்கி அனுப்பும்வரை கேட்டுக்கொண்டே போக வேண்டும். சோதனை டைரக்டரியில் 1,001 பதிவுகளை இட்டு நிரலை ஒருமுறை ஓட்டினால் இந்தப் பிழை வெளியே வந்துவிடும். ஐம்பது பேரை வைத்துச் செய்யும் சோதனையில் அது தலைகாட்டாது.