சுண்ணாம்புக் கோட்டில் கிடக்கும் கணிதம்

தரம் 6க்கான புதிய கலைத்திட்டத்தை 2026இல் தொடங்காமல் 2027க்கு ஒத்திவைக்க அரசு எடுத்த தீர்மானம், ஆங்கிலப் பாடத் தொகுதியில் இடம்பெற்ற பொருத்தமற்ற இணையத்தளக் குறிப்பொன்றால் எழுந்த சர்ச்சையின் விளைவேயாயினும், சுகாதாரமும் உடற்கல்வியும் கற்பிப்போருக்கு எதிர்பாராத அவகாசத்தைத் தந்திருக்கிறது. பாட ஒருங்கிணைப்பு, அதாவது ஒரு பாடத்தின் தேர்ச்சியை மற்றொன்றின் செயற்பாட்டினூடாகவே அடையச் செய்தல், மைதானத்தில் நிகழப்போகிறதா வகுப்பறையிலா என்பது இதற்குள் தீர்க்கப்பட வேண்டும்.

விளிம்புக்கட்டு இல்லாமல் சுண்ணாம்பால் மட்டும் கோடிட்ட ஓட்டப்பாதையில், 1.22 மீற்றர் அகலத் தடங்களில் ஒரு முழுச் சுற்று ஓடுவதாயின், ஒவ்வொரு வெளித்தடத்தின் தொடக்கக் கோடும் அதற்கு உள்ளேயுள்ள தடத்தினதைவிட ஏறத்தாழ 7.67 மீற்றர் முன்னே இடப்பட வேண்டும். தட அகலத்தை 2π ஆல் பெருக்கிப் பெறப்படும் இத்தொகையில் வளைவின் ஆரை வருவதே இல்லையாதலால், 400 மீற்றர்ப் பாதைக்கும் தேயிலைச் சரிவை வெட்டிச் சமப்படுத்திய 150 மீற்றர்ச் சுற்றுக்கும் இடைவெளி ஒன்றே. இல்ல விளையாட்டுப் போட்டிக்கு முதல்நாள் அளவுநாடாவின் மறுமுனையைப் பிடிக்கும் மாணவிக்கு இதைக் கரும்பலகையில் நிறுவிக் காட்ட வேண்டியதில்லை. ஓடுமுன்னும் ஓடியபின்னும் 15 செக்கன் நாடித்துடிப்பை எண்ணி நான்கால் பெருக்குவதும், கடல்மட்டத்தைவிட வளியமுக்கம் எட்டிலொரு பங்குக்கு மேல் குறைந்த பண்டாரவளையில் மூச்சு ஏன் விரைவில் வாங்குகிறது என வினவுவதும் விஞ்ஞானமே.

ஆனால் இவை யாவும் தரை இருந்தால்தான். 1970களில் அரசு பொறுப்பேற்ற தோட்டப் பாடசாலைகள் பலவற்றுக்கு, லயத்துக்கும் கொழுந்து மடுவத்துக்கும் இடைப்பட்ட ஒரு முற்றமே மைதானம். கரப்பந்து ஒருமுறை எல்லை தாண்டினால் அது தேயிலை மலையில் உருண்டு கீழேதான் நிற்கும். பரீட்சை நெருங்கியதும் உடற்கல்விப் பாடவேளையைக் கணிதத்துக்குக் கடன் கொடுப்பதும், அக்கடன் ஒருபோதும் திரும்பாததும் இத்துறையினர் அறிந்த வழக்கம். இனி அதற்கு ஒருங்கிணைப்பு என்ற கௌரவப் பெயரும் கிடைத்துவிடும். பயிற்சித்தாளில் ஓட்டவீரனின் படத்தை அச்சிட்டுக் கதியைக் கணிக்கச் சொன்னால், உடற்கல்வி நடந்ததாகவே பதிவேடு சொல்லும். படிவம் கேட்கவும் புகைப்படம் கேட்கவும் தயங்காத அதிகாரிகள், இம்மலைகளில் மாணவர் ஓட எத்தனை சதுர மீற்றர் இருக்கிறது என்று மட்டும் கேட்டதில்லை. 2025 நவம்பரின் டித்வா புயல் மண்சரிவுகளுக்குப் பின், வீடிழந்தோரும் பாதுகாப்பான சமதரைக்குக் காத்திருக்கையில், மைதானம் கேட்பது ஆடம்பரம் என்ற பதிலும் வரக்கூடும். அந்தப் பதில் புயலுக்கு முன்னரும் வேறு சொற்களில் வந்துகொண்டுதான் இருந்தது.

மஹரகமவிலுள்ள தேசிய கல்வி நிறுவகம் 2027க்கான ஆசிரியர் வழிகாட்டியில் ஒவ்வொரு செயற்பாட்டுக்கும் எதிரே தேவையான நிலத்தின் நீள அகலத்தையும், அந்நிலம் இல்லாத பாடசாலைக்கு அதைப் பெற்றுத்தரும் பொறுப்பு எந்த அலுவலகத்துடையது என்பதையும் அச்சிட வேண்டும்.