ஒப்படைப்பு நாளும் ஃப்ளூ ஜுரமும்

புரட்டாசி பிற்பாதி தொடங்கியதும் நெசவாளர் சங்கங்களின் வாயிலில் கூட்டம் பெருகுவது ஆண்டுதோறும் நாம் காணும் காட்சியாகும். தீபாவளி விற்பனைக்குச் செல்ல வேண்டிய சேலைகளும் வேட்டிகளும் அப்பொழுதுதான் வந்து குவிகின்றன. போனஸ் பற்றிய பேச்சும் அப்பொழுதுதான் எழுகின்றது. தமிழ்நாட்டில் இன்புளூயன்சா என்னும் ஃப்ளூ ஜுரம் மிகுதியாகப் பரவுவதும் பெரும்பாலும் இதனை ஒட்டிவரும் மழைக்காலத்திலேதான். இவ்விரண்டும் ஒருங்கே வந்து சேர்வதால் நம் அங்கத்தினருள் சிலருக்கு நேரக்கூடிய ஆபத்தைக் குறித்து நிர்வாகக் குழுவினர் உரிய காலத்தில் சிந்தித்தல் அவசியமாகும்.

இந்த ஜுரத்தை அற்பமாக எண்ணும் வழக்கம் நம்மிடையே உண்டு. உடல் உரம் உள்ளவர்களுக்கு நான்கைந்து நாள் காய்ச்சலும் உடல்வலியும் இருமலுமாக வந்து போய்விடுவதால் அவ்வெண்ணம் தோன்றியது போலும். 1918-ஆம் ஆண்டில் இந்தியாவில் மட்டும் ஒரு கோடிக்கு மேற்பட்டோரை மாய்த்ததும், 1957-ஆம் ஆண்டு மே மாதத்தில் சென்னைத் துறைமுகத்தின் வழியே புகுந்து நாடெங்கும் பரவியதும் இந்நோயே. அத்தகைய கொடிய ஆண்டுகளை விடுத்து, சாதாரண ஆண்டுகளை எடுத்துக்கொண்டாலும், நோய் எதிர்ப்புச் சக்தி குன்றியவர்களுக்கு இது வந்து போகிற காய்ச்சலன்று. நுரையீரலைத் தாக்கி உயிருக்கே உலை வைக்கக்கூடும். கிருமி வாரக்கணக்கில் அவர்கள் உடலில் தங்கிவிடுவதும் உண்டு.

இத்தகையோர் நம் சங்கங்களில் இல்லையென்று கருதுவதற்கில்லை. புற்றுநோய்க்கு மருந்து ஏற்றிக்கொள்பவர், மாற்றுச் சிறுநீரகம் பொருத்தப்பட்டு அதனை உடல் ஏற்கும்பொருட்டு நாள்தோறும் மருந்து உண்பவர், டயாலிசிஸ் செய்துகொள்பவர், மூட்டுவாதத்திற்காக நெடுங்காலம் ஸ்டீராய்டு உட்கொள்பவர், எச்.ஐ.வி. கிருமியுடன் வாழ்பவர் என இவர்கள் பலதிறத்தினர். முன்னாளில் படுக்கையோடு கிடந்திருக்கக்கூடிய பலர், முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தின் பயனால் சிகிச்சை பெற்று மீண்டும் தறியில் அமர்ந்திருப்பதை நான் ஆய்வுக்குச் செல்லும் ஊர்களில் காண்கிறேன். அவர்களது நோய் பிறர் கண்ணுக்குத் தெரிவதில்லை. தெரிய வேண்டுமென்ற கட்டாயமும் இல்லை.

“நலிந்தவர்கள் மழைக்காலத்தில் வீட்டோடு இருந்துவிட்டால் போகிறது” என்று கூறும் இயக்குநர்களும் உளர். கூலியை நம்பி வாழ்பவர் இரண்டு மாதம் வீட்டோடு இருப்பது எங்ஙனம்? அன்றியும், நோய் கண்டவர் காய்ச்சல் தோன்றுவதற்கு ஒரு நாள் முன்னரே பிறருக்கு அதனைப் பரப்பத் தொடங்கிவிடுகிறார். தோன்றிய பின்னரும் ஐந்து முதல் ஏழு நாள்வரை பரப்புகிறார். அருகில் நிற்பவரைப் பார்த்து நலிந்தவர் விலகிக்கொள்ளட்டும் என்பது நடக்கக்கூடிய காரியமன்று. விலகியிருக்க வேண்டியவர் காய்ச்சல் கண்டவரே. அவர் ஏன் விலகுவதில்லை என்பதைத்தான் நாம் ஆராய வேண்டும்.

அவரைச் சங்கத்திற்கு இழுத்து வருவது கூலிப் பணம் என்று பலர் எண்ணுகின்றனர். பல சங்கங்களில் கூலி இப்பொழுது நேராக வங்கிக் கணக்கிற்கே சென்றுவிடுகின்றது; ஆயினும் வரிசை குறைந்தபாடில்லை. காரணம், துணியின் தரம் பார்க்கும் மேசையே. இழை விட்டிருக்கிறது, கரை சரியில்லை, கறை பட்டிருக்கிறது என்று சொல்லிப் பிடித்தம் செய்வது அம்மேசையில்தான். நெசவாளர் எதிரே நின்றால் நியாயம் கேட்கலாம். இல்லாவிடில் எழுதியதே எழுத்து. மேலும், இன்று துணி ஒப்படைக்காதவருக்கு அடுத்த பாவும் ஊடை நூலும் கிடைப்பது தள்ளிப்போகும். மழையில் தெருவில் பாவு நீட்ட முடியாமல் வேலை நிற்பது போதாதென்று, நூலில்லாமலும் தறி நிற்பதை யார்தான் பொறுப்பர்? ஆகவே நூற்றிரண்டு டிகிரி காய்ச்சலோடும் வருகிறார். சன்னல்கள் சாத்திய கூடத்தில் இரண்டு மணி நேரம் இருமிக்கொண்டு நிற்கிறார். ஒரு சங்கத்தில் அவ்வாறு நின்றவரை எழுத்தர் கடிந்துகொண்டதைக் கண்டேன். கடிய வேண்டியது அவரையன்று; அவரை வரச்செய்த ஏற்பாட்டையே.

இதற்குப் பரிகாரம் சங்கத்தின் கையிலேயே இருக்கின்றது. காய்ச்சல் கண்டவரின் துணியை, நோயற்ற உறவினரோ அண்டை வீட்டாரோ ஓர் அதிகாரக் கடிதத்துடன் கொண்டுவந்தால் பெற்றுக்கொண்டு, அங்கத்தினர் எண்ணை எழுதிக் கட்டித் தனியே வைத்துவிடலாம். குணமடைந்து வந்தபின் அவர் முன்னிலையிலேயே தரம் பார்க்கலாம். அடுத்த பாவை மட்டும் காத்திருக்கவிடாமல் அன்றே அனுப்பிவிட வேண்டும். உரிய பதிவும் கையொப்பமும் இருக்குமாயின் ஆய்வின்போது இதனை ஆட்சேபிக்க எவ்வித முகாந்திரமும் இல்லை என்பதை, ஆய்வு செய்பவன் என்ற முறையில் கூறுகிறேன். இச்சலுகையை ஏமாற்றுக்காரர் சிலர் பயன்படுத்திக்கொள்வார்கள் என்பர். பயன்படுத்திக்கொள்ளட்டும், ஒருவர் ஐந்து நாள் தாமதமாகத் தரம் பார்த்துக்கொள்வதால் சங்கத்திற்கு நட்டமில்லை. தீபாவளிக்கு முன் இருபது தறிகள் காய்ச்சலால் நிற்பதே நட்டம்.

பால் சங்கத்தாருக்கு இத்தொல்லை குறைவு. பாலை வீட்டில் எவரேனும் கொண்டுவரலாம். அளக்கும் இடத்தைத் திறந்த தாழ்வாரத்திற்கு மாற்றினாலே பெரும்பகுதி தீர்ந்துவிடும்.

அடுத்தது தடுப்பூசி. இக்கிருமி ஆண்டுதோறும் உருமாறுவதால் ஊசியும் ஆண்டுதோறும் போட்டுக்கொள்ள வேண்டும். பலன் தர ஏறக்குறைய இரண்டு வாரமாகும். நலிந்தவர்கள் தம் மருத்துவரைக் கேட்டு, கொல்லப்பட்ட கிருமியாலான ஊசியையே போட்டுக்கொள்ள வேண்டும். மூக்கில் விடும் உயிருள்ள மருந்து அவர்களுக்கு ஆகாது. ஆனால் அவர்கள் உடலில் ஊசியின் பலன் குறைவாகவே ஏறுகிறது. ஆகவே உடன் வசிப்போரும் போட்டுக்கொள்ளுதல் வேண்டும். மேற்குக் கனடாவில் ஹட்டரைட் என்னும் சமயத்தார், சொத்தைப் பொதுவில் வைத்துக் கூடி உழுது வாழ்கின்றனர். 2008-09 பருவத்தில் அவர்களுடைய சில குடியிருப்புகளில் பிள்ளைகளுக்கு மட்டும் ஃப்ளூ ஊசியும், வேறு சிலவற்றில் வேறோர் ஊசியும் போட்டுப் பார்த்தனர். ஃப்ளூ ஊசி போட்ட குடியிருப்புகளில், ஊசியே போடாத மற்றவர்களுக்குக்கூட அந்நோய் 100-க்கு ஏறத்தாழ 3 பேருக்கே கண்டது. மற்ற குடியிருப்புகளில் 100-க்கு 7 பேருக்கு மேல். நம் நெசவாளர் தெருக்களும் ஏறக்குறைய அவ்வாறு நெருங்கி வாழ்பவையே.

இவ்வூசி தேசியத் தடுப்பூசி அட்டவணையில் இடம்பெறாததால் பெரும்பாலோர் விலை கொடுத்தே பெற வேண்டியிருக்கிறது. துணைவிதிகள் இடங்கொடுக்குமாயின், பொதுநல நிதியிலிருந்து நலிந்தவர்க்கும் அவர் குடும்பத்தார்க்கும் இச்செலவை ஏற்கலாம். பெயர்ப் பட்டியலை அறிவிப்புப் பலகையில் ஒட்டாமல் செயலாளரிடம் மட்டும் வைத்திருத்தல் வேண்டும். தம் நோயைத் தெருவறியச் செய்துதான் உதவி பெறலாம் என்றால் எவரும் வரமாட்டார். எதிர்ப்புச் சக்தி குன்றியவர்களுக்குச் சில வேளை காய்ச்சலே தோன்றாமல் இருமலும் அயர்ச்சியுமே காணும் என்பதையும், மருந்தை முதல் இரண்டு நாளுக்குள் தொடங்கினாலே மிகுந்த பயன் தரும் என்பதையும் அவர்களுக்கு எடுத்துக் கூறல் நன்று.

இவ்விஷயத்தை ஆவணி மாத நிர்வாகக் குழுக் கூட்டத்தின் பொருள் நிரலில் சேர்த்துவிட்டால், புரட்டாசி முதல் வாரத்தில் ஊசி போட்டுக்கொள்ளவும், கூடத்தின் துருப்பிடித்த சன்னல் கொக்கிகளைப் பழுது பார்க்கவும் போதிய அவகாசம் இருக்கும்.